நாற்பத்தேழாம் வரிசை

—மேல இல்ல தம்பி. கீழ்த்தட்டுல பாரு. பழுப்பு அட்டை போட்டது.

—கீழ முப்பது நோட்டு இருக்கே அக்கா... எல்லாமே பழுப்பு.

—உங்க ஐயா கண்ணுல பட்டதுக்கெல்லாம் அட்டை போடுவாரு. என் கல்யாணப் புடவை ஒண்ணுதான் தப்பிச்சுது.

—ஐயா காலமாகி எட்டு மாசம் ஆச்சு. நிலையத்துல இன்னும் அவர் கையெழுத்துதான் எனக்கு வேலை சொல்லுது.

—எனக்கும்தான்... நாளைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு?

—பத்துக்கு. மேலிடத்துல இருந்து அஞ்சு பேர் வர்றாங்க. ஒரே கேள்விதான். முப்பது வருஷமா இந்த நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அரசாங்கம் பணம் குடுத்துச்சே, என்ன விளைஞ்சுதுன்னு. பதில் சரியில்லன்னா பூட்டிடுவாங்க.

—நீ என்ன சொல்லப் போற?

—முங்கி நெல்லச் சொல்வேன். போன வெள்ளத்துல ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள கெடந்து, வடிஞ்சதும் துளிர்த்துச்சே. ஆத்தங்கரையில இன்னைக்கு உலை கொதிக்குதுன்னா அதாலதான்.

—அது நம்ம நிலையத்துல பொறந்ததுன்னு அங்க யாருக்காவது தெரியுமா?

—எங்க... விதைக்கடைக்காரர் கண்டுபிடிச்சாருன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அவரும் இல்லன்னு சொல்றதில்ல.

—கெட்டிக்காரர்தான்! உங்க ஐயா கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. இந்தா... இந்த நோட்டா பாரு.

—இதுதான்... முங்கி நெல் பொறந்த பக்கம்.

—என்ன எழுதியிருக்காரு? படி.

—‘சோதனைக் குட்டை. வரிசைக்கு ஒரு புது ரகமாக இருநூறு வரிசை நாற்று. மூழ்க வைத்தது பதினாறு நாள், என் உத்தரவுப்படி. பிழைத்தது நாற்பத்தேழாம் வரிசை மட்டும்.’

—சரியாத்தானே இருக்கு?

—பொய் அக்கா. ஏழே நாள்தான் உத்தரவு. ஐயா வெளியூர் போயிருந்தாரு. ஏழாம் நாள் தண்ணி வடிய மதகு திறக்க வேண்டியவன் நான். அன்னைக்குன்னு பாத்து என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துடுச்சு... ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பொண்ணு பொறந்த சந்தோஷத்துல குட்டை இருக்கிறதே மறந்துபோச்சு. பதினாறாம் நாள் ஐயா திரும்பி வந்துதான் திறந்தாரு; என் வேலை போயிடக் கூடாதுன்னு இப்படி எழுதிட்டாரு.

—பத்தொம்பது வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டா என் வீட்டுல காப்பி குடிச்ச?

—விளையாடாதீங்க அக்கா. நாளைக்கு அஞ்சு பேர் முன்னால இத வாசிக்க எனக்கு நாக்கு வராது. நெசத்தச் சொன்னா... ‘ஒருத்தன் மறந்ததால கெடச்ச நெல்லா? இதுக்கா இத்தனை செலவு?’ன்னு கேப்பாங்க. பூட்ட நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.

—மறந்தா மட்டும் கெடச்சிடுமா? அந்த இருநூறு வரிசைய உண்டாக்கப் பதினோரு வருஷம். அதுவரைக்கும் ஒரு மூட்டை வெளிய போகல. ஒண்ணும் வராத வேலைக்கு அத்தனை வருஷம் சம்பளம் குடுத்துட்டு எந்த முதலாளி காத்திருப்பான்?

—அதச் சொல்லலாம்... ஆனா மதகு? அத யாரும் வேணும்னு திறக்காம விடலையே.

—உன்னையும் உன் வீட்டுக்காரியையும் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்தி விட்டது நான்தானே. அன்னைக்கு ஏழாம் நாள்னும் தெரியும். சாயங்காலம் நானே போனேன், திறக்க.

—நீங்களா! அப்போ... ஏன் திறக்கல?

—மதகுல கை வச்சுட்டேன் தம்பி. தண்ணி தெளிஞ்சு கெடந்துச்சு. எல்லாம் பழுத்துச் சாஞ்சு கெடக்க, ஒரே ஒரு வரிசை மட்டும் பச்சையா, மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு... கைய எடுத்துட்டேன். அப்பவே திறந்திருந்தா மத்ததுல பாதியாவது பொழைச்சிருக்கும். பதினோரு வருஷ உழைப்ப நான் முக்கிட்டேன்னு அவர்கிட்ட சொல்ல வாய் வரல... கடைசி வரைக்கும் வரல. பழி உன்மேல இருந்துச்சு, அதையும் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். நோட்ட எடுத்துக்கோ. நாளைக்கு நானும் வர்றேன். அது மறந்து விட்டதில்ல, பாத்து விட்டதுன்னு நானே சொல்றேன்.