அண்ணன் அறைப் பக்கத்து மூலை

ஒலிபெருக்கியை அறையின் நடுவில் வைத்தால் பாஸ், அதாவது பாட்டின் அடி அதிர்வு, மெலிந்துவிடும், ஐயா. சுவர்கள் சேரும் மூலையில்தான் அது திரண்டு நெஞ்சில் வந்து விழும். எந்த மூலை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நாம் உட்காரும் இடத்தில் ஒலிபெருக்கியை வைத்துப் பாடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். பாஸ் நிறைவாகக் கேட்கும் இடமே அதற்கான இடம்.

சனிக்கிழமை காலை அப்படித்தான் தவழ்ந்துகொண்டிருந்தேன். எங்கள் முற்றத்து வீட்டில் எல்லோரும் ஒரு சாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எதிர் அறையில் குடியிருக்கும் அஃப்ரியே அக்கா சாவுக்கு உடுத்தும் கறுப்பு சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று சிரித்தார்.

“என்னடா அடுசே, பொண்ணு கெடைக்கலன்னு மறுபடி கொழந்தையாயிட்டியா?”

“பாஸ் தேடறேன்க்கா.”

“தேடு, தேடு. சாயங்காலம் வந்துடுவோம். அண்ணனைப் பாத்துக்க.”

“நான் பாத்துக்காம வேற யாரு?”

அண்ணன் ஒப்போங் அடுத்த அறையில் படுத்திருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சில்லை. எது வேண்டுமென்றாலும் தகரக் குவளையால் நடுச்சுவரைத் தட்டுவார். தண்ணீருக்கு, புரண்டு படுக்க, ஈ விரட்ட. நான் ஓடுவேன். அதற்காக வேலையை விட்டேன். என்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்து பார்த்த அடோமா வேறொருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அண்ணன்மேல் எனக்கு வருத்தமில்லை. இருந்ததோ என்னவோ, சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு மூலைகளில் பாஸ் நன்றாகக் கேட்டது. ஒன்று ஜன்னல் பக்கம், மற்றது நடுச்சுவர் பக்கம். நடுச்சுவர் பக்கம் வைத்தேன்.

எல்லோரும் போனபின் அண்ணனுக்குச் சோளக் கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்தேன். என் அறைக்கு வந்து பாட்டைப் போட்டேன்.

தட்டல் தாளத்தோடு கலந்துவிட்டது, கேட்கவில்லை என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. தாளம் ஒரே சீராக வரும். அண்ணன் கை அப்படி வராது. கேட்டது. ஒலியைக் கூட்டினேன். மறுபடி கேட்டது. இன்னும் கூட்டினேன். கஞ்சி புரையேறியிருக்கும் என்று அப்போதே தெரியும். முன்பும் ஏறியிருக்கிறது. தூக்கி உட்காரவைத்து முதுகில் தட்டினால் சரியாகிவிடும்.

நான் எழுந்து போகவில்லை. அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். குவளை படுவது என் முதுகில் தெரிந்தது. பிறகு பாஸ் மட்டும் தெரிந்தது.

அண்ணன் தன்னந்தனியாகச் செத்தார் என்று அஃப்ரியே அக்கா அழுகிறாராம். அவரிடம் சொல்லுங்கள், ஐயா. கடைசிவரை நான் அண்ணன் பக்கத்திலேயேதான் இருந்தேன்.