மெல்போர்ன் வீட்டில் இரண்டு ஓட்டு

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு இந்தியக் கடை வரிசையில், எனக்கு முன்னால் கணவனும் மனைவியும் நின்றார்கள். மெல்போர்னில் இருக்கும் தங்கையோடு பேசிவிட்டு மனைவி அப்போதுதான் போனை வைத்தார்.

"பிரியா வீட்டுல சண்டைங்க. ஓட்டு போட்டதுல இருந்து அவளும் அவ வீட்டுக்காரர் கார்த்தியும் பேசிக்கிறதே இல்லயாம்."

"எந்த ஓட்டு?"

"அங்க பூர்வகுடி மக்களை கான்ஸ்டிட்யூஷன்ல அங்கீகரிக்கலாமான்னு நாடு முழுக்க ஓட்டு வெச்சாங்கல்ல? இவ யெஸ், அவர் நோ. நோதான் ஜெயிச்சுது. இவகூட வேலை பாக்கற பூர்வகுடிப் பொண்ணு ஆஃபீஸ்லயே அழுதுட்டாளாம்."

"கார்த்தி ஏன் நோ போட்டாராம்?"

"'நாமளே நேத்து வந்தவங்க, அவங்க விஷயம் நமக்கென்ன தெரியும்'னாராம்."

"கரெக்டுதானே?"

"தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கணும். நீங்களும் அதே கேஸ்தான். இந்த ஃப்ரீமான்ட் யாரோட மண்ணு, சொல்லுங்க பாப்போம்."

"நம்ம ஊருதான். திரும்பின பக்கமெல்லாம் தமிழ்தானே கேக்குது!"

"ஓலோனிங்கற பூர்வகுடி மக்களோட மண்ணு."

"ஓலோனியா? தெரு பேருன்னுல்ல நெனச்சேன்!"

மனைவி சிரித்துவிட்டார். கணவர் போனை எடுத்து கார்த்திக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"சகலை, பிரியா ஏன் யெஸ் போட்டான்னு மொதல்ல உக்காந்து கேளுங்க. நான் இங்க கேக்காமப் பேசி மாட்டிக்கிட்டேன்."