பந்தயத்திற்காக நிறுத்தப்பட்ட பால்குடம்

ஐயா, அம்மணி அவர்களே, நுவரெலியாவில் ராகலை பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன் நின்ற இரு தோட்டத்துப் பெண்கள் பேசியதை அவ்வாறே எழுதுகிறேன்.

“அன்னைக்குக் கோயிலுக்குப் போறப்ப, சைக்கிள் பந்தயம் வருது, ரோட்டுல போகக்கூடாது, பால்குடத்தைக் கீழ வைன்னான் பொலிஸ்காரன்,” என்றார் மூத்தவர்.

“மண்ணுலயா? நேர்த்திக் குடத்தைக் கோயில் போய்ச் சேர்றதுக்கு முன்னால கீழ வைக்கலாமாக்கா?”

“வைக்கல. மக காய்ச்சல் விடணும்னு வேண்டின குடம். தலையில சுமந்தபடியே ரோட்டுத் தண்ணி ஓடுற கான் ஓரமா வெயில்ல நின்னேன். கடைசி சைக்கிள் போக மத்தியானமாயிருச்சு.”

“நாம நடந்தா மட்டும் ரோட்டு தேஞ்சிருமாக்கும்.”

“கோயிலுக்குப் போறதுக்குள்ள பால் திரிஞ்சிருச்சு. ஐயரு இது ஆகாதுன்னாரு.”

“ஐயோ, அப்புறம்?”

“இதையேதான் ஊத்துங்க சாமி, யாரு நிறுத்தி வச்சதுன்னு முருகன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாருன்னேன். வாங்கி ஊத்தினாரு.”

இதனைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.