முந்நூற்று நான்கு அடி

இந்தச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. இத்தனை அதிகாரிகள் உட்காரும் அறையில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு உடனே கண்ணில் படும். வில் தயாரிக்கும் பட்டறையில் பதினாறு வருடமாக என் வேலையே அளவெடுப்பதுதான். மேசைமேல் ஒரு கருவி. அதில் இரண்டு ஒளிக்கண்கள். அம்பு ஒன்றைத் தாண்டி மற்றதை எட்டும் நேரத்தை வைத்து, நொடிக்கு எத்தனை அடி போகிறது என்று காட்டிவிடும். அளவு விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், கார் விற்பவர். போன வருடம் எங்களிடமே ஒரு வில் வாங்கினார். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் ஒரே தம்பட்டம். அவர் அம்பு நொடிக்கு முந்நூறு அடி போகிறதாம். அளந்து பார்த்தேன். இருநூற்று அறுபத்தொன்று. எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"உங்க மெஷினுக்கும் உங்கள மாதிரியே வயசாயிடுச்சு சகல," என்றார். மாமியார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்.

அம்பின் எடை குறைந்தால் வேகம் கூடும். ரொம்பக் குறைந்தால், இழுத்த விசை அம்போடு போகாமல் வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். வில்லோடு கொடுத்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த மேதாவி அதைப் பிரித்தே பார்க்கவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து, தேய்த்துத் தேய்த்து, ஓர் அம்பு செய்தேன். கையில் இருப்பதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பட்டறைக்கு அழைத்து நீட்டினேன். வேகம் கேட்டார், கொடுத்தேன். வழக்கமாக அவர் தோளருகே நிற்பவன், அன்று கதவுக்கு வெளியே நின்றேன்.

அம்பை விட்டதும் வில்லின் மேல்பாதி முறிந்து அவர் கண் வழியாக உள்ளே இறங்கியது. நான் குனிந்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ சகல?"

கருவியில் முந்நூற்று நான்கு என்றிருந்தது.

"இருநூத்தி அறுபத்தொண்ணு," என்றேன்.

ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து அவரை இறக்கும்போது உயிர் இல்லை.

கொன்றேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எடை குறைந்த அம்பின் வேகம் கணக்கில் வராது.