நாலாவது கால்

— அது மேல வைக்காதீங்க அம்மணி! பிளாஸ்க்கை வண்டியில வைங்க.

— ஏன் மேஸ்திரி, வச்சா சாஞ்சிடுமா? போன வருஷத்து மேசை மாதிரி?

— சாயாதுங்க. இது அந்த ரகம் இல்ல. வட்டமா கறை பிடிச்சிடும். ரெண்டு கை வார்னிஷ் அடிச்சிருக்கேன்.

— அடேங்கப்பா! துப்பாக்கி வச்சுச் சுடுற மேசைக்கு வார்னிஷா? அந்த நாய்ங்க என்ன, வந்து உக்காந்து சாப்பிடப் போகுதா?

— பிரெய்ரி நாயின்னு முழுப் பேரச் சொல்லுங்க. ரோட்டுல போறவன் காதுல விழுந்தா, நாம ஏதோ வீட்டு நாயச் சுடுறோம்னு போலீசுக்குப் போன் போட்டுருவான்.

— எந்த ரோட்டுல? எந்தப் போறவன்? என் வேலியத் தாண்டி ஒருத்தன் போயே ரொம்ப நாளாச்சு. அதுக்கு நாயின்னு பேரு வச்சவன் நாயையும் பாத்ததில்ல, அணிலையும் பாத்ததில்ல. கொழுத்த அணிலு. வளை தோண்டுது, புல்ல மேயுது, வாசல்ல நின்னுக்கிட்டு ஊரத் திட்டுது. எங்க வீட்டுக்காரர் ஓர்வில் உயிரோட இருந்தப்ப அவரும் அதைத்தான் பண்ணாரு.

— நீங்க பேசிட்டே இருந்தா நான் எப்பங்க அம்மணி இதை நிறுத்துறது?

— எனக்கு ஒரு பேரு இருக்கு. ஆர்லிஸ்னு. இத்தனை வருஷத்துல ஒரு தடவ வாயில வந்ததில்ல உங்களுக்கு.

— அது... மரியாதைங்க.

— சரிதான் போங்க. அந்த மரியாதைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இது எத்தனாவது மேசை? முதல்ல ஒரு கதவக் கொண்டாந்தீங்க.

— ஓக் மரக் கதவுங்க. தேக்குக்குக் குறையாது.

— நல்ல கதவுதான். தெற்கு டகோட்டா காத்து ஒரு தட்டுத் தட்டுச்சு, அது பாட்டுக்குக் கிளம்பிப் போயி பக்கத்துப் பண்ணை வேலியில படுத்துக்கிச்சு. அப்புறம் இரும்புல ஒன்னு.

— அது அசையாதுங்க. கணக்கு சுத்தம்.

— எங்க அசைஞ்சுது? வண்டியிலேர்ந்து எறக்கவே முடியல. பின்னாடி ஏறி உக்காந்து காப்பியக் குடிச்சிட்டு, அப்படியே ராப்பிட் சிட்டிக்குத் திருப்பி ஓட்டிட்டுப் போனீங்க. அப்புறம் மடக்குற அலுமினியம். உங்க கட்டைவிரலைக் கடிச்சுது. கட்டுப் போட்டது நான். அப்புறம் சுத்துற நாக்காலியோட ஒன்னு.

— எந்தப் பக்கம் நாய் தல தூக்கினாலும் திரும்பிக்கலாம்னு ஒரு யோசனைதாங்க.

— சுத்தினீங்க, சுத்தினீங்க, கடைசியில சுட்டது என் தண்ணித் தொட்டிய.

— ஓட்டைய அடைச்சுக் குடுத்தேன்ல?

— குடுத்தீங்க. ஒரு ஓட்டைய அடைக்கன்னு கூடுதலா ரெண்டு நாள் தங்கினீங்க.

— கொட்டகையிலதாங்க தங்கினேன்!

— நான் வேற எங்கேன்னு சொன்னேன்? ஏன் காது செவக்குது? எனக்கு ஒன்னு மட்டும் புரியல மேஸ்திரி. ராப்பிட் சிட்டியில பாதி வீட்டுக்கு நீங்கதான் டைல்ஸ் போட்டிருக்கீங்க. கோலிக்குண்ட வச்சா உருளாதுங்கிறான் ஊர்க்காரன். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு மேசை மட்டும் ஏன் நேரா நிக்க மாட்டேங்குது?

— வீட்டுத் தரை வேறங்க. இது காட்டுத் தரை. ஒரு கால் கல்லு மேல நிக்கும், ஒரு கால் வளைக்குள்ள எறங்கும். துப்பாக்கி முனை ஒரு நூல் ஆடினாப் போதும், அந்தக் கடைசியில ஒரு முழம் தள்ளிப் போயிடும். அதுக்குத்தான் இந்த வருஷம் வேற மாதிரி பண்ணிட்டேன். பாருங்க. இந்தக் கால விரிக்கிறேன். இதை விரிக்கிறேன். இதையும் விரிக்கிறேன். ஆச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்னங்க? நின்னுடுச்சு.

— நாலாவது கால் எங்க? வர்ற வழியில விழுந்துடுச்சா?

— வைக்கவே இல்லீங்க.

— வைக்கவே இல்லியா! ரசமட்டம் எங்க? ஆப்புக் கட்டைப் பை எங்க? வருஷா வருஷம் முழங்கால் போட்டு, ஒவ்வொரு காலா ஆப்பு வச்சு, எட்டிப் பாத்து, தட்டி, எடுத்து, திருப்பி வச்சு, அதுக்குள்ள மத்தியானம் ஆயிடுமே! நான் ஒரு பிளாஸ்க் காப்பி, ரொட்டி, காட்டுச்செர்ரி ஜாம் எல்லாம் அந்தக் கணக்குல கொண்டாந்திருக்கேன்.

— தேவைப்படலீங்க. மூணு காலு எந்த மேடு பள்ளத்துலயும் தானா உக்காந்துக்கும். ஒரு கையால தூக்கலாம். வண்டியில சாப்பாட்டுக் கூடை அளவுதான் இடம் பிடிக்கும்.

— நாலு கால்தான் உறுதின்னு நான் சொன்னேனே! மாட்டுக்கு நாலு, கட்டிலுக்கு நாலு.

— சொன்னீங்க. கதவு பறந்த அன்னிலேர்ந்து சொல்றீங்க. நானும் உங்க பேச்சத் தட்டினதே இல்ல.

— இந்த மூணு கால் யோசனை எங்கேர்ந்து வந்துது? கொட்டகைப் பக்கம் போனீங்களா?

— இப்பத்தானுங்க வந்து எறங்குறேன். யோசனை தானா வந்துது. வர வேண்டிய நெலம. உங்க அண்ணன் மகன் டாரில் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போன் போட்டான். உங்க நெலத்துல அவன் மேய்க்கிற மாடு ஒன்னு வளையில கால விட்டு ஒடிச்சுக்கிச்சாம். புல்லும் போச்சாம். ஜூன் மாசம் நான் வந்து உருப்படியா சுட்டுக் காட்டலேன்னா, அதுக்கு அடுத்த திங்கக்கிழமையே விஷத் தானியத்தத் தூவிடுவேங்கிறான்.

— தூவினாத் தூவட்டுமே.

— தூவிட்டா நாய் இருக்காதுங்க. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?

— அதைத்தான் நானும் கேக்குறேன். நாய் இல்லேன்னா உங்களுக்கு இங்க என்ன வேலை? சொல்லுங்க. மேஸ்திரி, உங்களத்தான்.

— காதடைப்பான் மாட்டிட்டேங்க, ஒன்னும் கேக்கல. நீங்களும் மாட்டிக்குங்க. சுடப் போறேன்.

— நல்ல நேரத்துல மாட்டினாரு! ...அய்யோ, எத்தனை வருஷமானாலும் இந்தச் சத்தம் பழக மாட்டேங்குது. எது போச்சு? வேலிக்கம்பமா?

— படுத்துட்டான்.

— யாரு?

— அந்தா, அந்த மண்மேட்டு மேல நின்னானே, அவன்.

— நெசமாவா? உங்க துப்பாக்கியாலயா?

— எனக்கே நம்ப முடியலீங்க.

— அடப்பாவமே. அவன்தான் தெனம் காலையில காத்தாடிப் பம்பு வரைக்கும் வந்து என்னத் திட்டிட்டுப் போறவன்.

— சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன் அம்மணி.

— சந்தோசந்தான். பல்லக் காட்டட்டுமா? வாங்க, காப்பி குடிக்கலாம்.

— காத்து எறங்கியிருக்கு, மேசையும் கல்லு மாதிரி நிக்குது. இன்னும் ஒன்னே ஒன்னு.

— காப்பி ஆறுது மேஸ்திரி.

— காதப் பொத்திக்குங்க... அதுவும் படுத்துடுச்சு! ரெண்டு குண்டு, ரெண்டு நாயி!

— தெரியுது, தெரியுது. என் கண்ணு ஒன்னும் அவிஞ்சு போயிடல. அந்தா வர்றான் பாருங்க டாரில், சத்தத்தக் கேட்டு நாலு சக்கர வண்டியில பறந்துக்கிட்டு.

— அத்தை! யாருக்கும் ஒன்னும் ஆகலியே? வெர்லின் பெரியவரே, இந்த வருஷம் எதைச் சுட்டீங்க? தொட்டியா, டிராக்டரா?

— ரெண்டு நாயி, டாரில்.

— வெளையாடாதீங்க, எனக்கு நேரமில்ல. குடுங்க அந்தத் தொலைநோக்கிய... அட! ஆமா! இந்த மூணு கால் மேசையிலேர்ந்தா? ஒரு கையில தூக்க வருதே! இதை மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் என் புல்லு தப்பிச்சிருக்கும்ல.

— இப்பத்தான் யோசனை வந்துது, டாரில்.

— வந்துதுல்ல, போதும். சட்டுபுட்டுன்னு வேலையப் பாப்போம். ஒரு வாரம் இப்படியே சுட்டீங்கன்னா இந்தப் பக்கம் காலி. அடுத்த வாரம் அந்தச் சரிவு. அப்புறம் உங்களுக்கும் விடுதலை பெரியவரே. அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு, கொட்டகையில படுத்துக்கிட்டு... அடுத்த வருஷத்துலேர்ந்து வரவே வேண்டாம். நிம்மதியா வீட்டுல இருக்கலாம்.

— நிம்மதியாவா?

— பின்ன? அத்தை, அப்ப விஷம் வேண்டாம்னு சொல்லிடட்டுமா? நான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொன்னாக்கூட, திங்கக்கிழமையே வேணும்னு நீங்கதான் ஒத்தக் கால்ல நின்னீங்க.

— டாரில், உன் மாடு வேலிப் பக்கம் போகுது பாரு.

— எங்க? ஒன்னும் போகலியே.

— போகும். நீ போய்ப் பாரு.

— நான் எதாவது தப்பா... சரி சரி, மொறைக்காதீங்க. போறேன். நல்ல மேசை பெரியவரே!

— திங்கக்கிழமை வேணும்னு நீங்களா சொன்னீங்க?

— காப்பி ஊத்தட்டுமா?

— அம்மணி.

— ஆமா. நான்தான் சொன்னேன். உங்களுக்குப் போன் போடுன்னும் நான்தான் சொன்னேன்.

— சரிங்க.

— என்ன சரி? என்ன பண்றீங்க?

— மேசைய மடிக்கிறேன்.

— இன்னும் ரொட்டியக்கூட அறுக்கல!

— நேரா சொல்லியிருக்கலாமேங்க. வெர்லின், போதும், இனிமே வராதேன்னு ஒரு வார்த்தை. நான் என்ன மல்லுக்கா நிப்பேன்? டாரில் போன் வந்ததுலேர்ந்து ஒரு ராத்திரி நான் நல்லாத் தூங்கல. அறுத்து, செதுக்கி, பூட்டி, கழட்டி... அம்மணி நெலத்தக் காப்பாத்தணும்னு இல்லீங்க, பொய் சொல்லக் கூடாது. விஷத்த நிறுத்தினாத்தான் இங்க வர முடியும்னுதான். சுட்டுத் தீத்துட்டாலும் வர முடியாதுங்கிறது இந்த மண்டைக்கு இப்ப டாரில் சொல்லித்தான் ஏறுது. எம் பொண்டாட்டி மேவிஸ் போன பொறவு எனக்கு வருஷத்துல ஒரே ஒரு மாசந்தாங்க. இந்த ஜூன். அதையும்...

— அழுறீங்களா?

— வார்னிஷ் நெடிங்க.

— காஞ்சு போன வார்னிஷ்ல என்ன நெடி? அந்தக் கால மடக்காதீங்க. மேஸ்திரி, சொல்றேன்ல. நிறுத்துய்யா!

— நிறுத்திட்டேங்க.

— மக்கு! சரியான மக்கு மேஸ்திரி நீ! விஷம் வருதுன்னு போன் வந்தா மனுசன் என்ன செய்வான்? அன்னிக்கே வண்டிய எடுத்துட்டு ஓடியாந்து, ஆர்லிஸ், நாய் இருந்தா என்ன, செத்தா என்ன, நான் வரலாமா வேணாமான்னு கேப்பான். அதுக்குத்தான்யா போன் போடச் சொன்னேன். நீ என்ன பண்ணே? ரெண்டு மாசம் ஒரு பேச்சு இல்ல. போயி மேசை செஞ்சே! அதுக்கு வார்னிஷ் வேற!

— எனக்கு எப்படீங்க தெரியும்?

— எப்படித் தெரியும்? ஜூன் பொறந்தா வர்றே. மேசைய எறக்குறே. மேசையப் பத்திப் பேசுறே. மேசைய ஏத்துறே. போயிடுறே. இந்த நாய்ங்க இருக்கிற வரைக்கும் நீ நாயத்தான் பாப்பேன்னு எனக்கு விளங்கிப் போச்சு. அதான் நாயே வேண்டாம்னு முடிவு பண்ணேன். பாவம், அதுங்க யாருக்கு என்ன பண்ணுச்சு?

— அப்ப இதுக்கு முன்னாடி எல்லாம்...

— முன்னாடி வேற கதை. முன்னாடி நீ சுட்டுத் தீத்துடக் கூடாதேன்னு பயந்துக்கிட்டிருந்தேன். நல்லாச் சுடுறவன் எத்தனை பேரு இந்த வாசல்ல வந்து கேட்டான் தெரியுமா? பூராப் பேரையும் திருப்பி அனுப்பினேன். மேசை ஆடுற ஆளு ஒருத்தன மட்டும் உள்ள விட்டேன். அதுவும் தானாவா ஆடுச்சு? நாலு கால் வைன்னு சொன்னது யாரு?

— நீங்கதாங்க.

— நான்தான்! என் கொட்டகையில பால் கறக்கிற முக்காலி ஒன்னு கெடக்கு. எங்கம்மா காலத்துது. எந்தக் கோணல் தரையிலயும் ஆடாது. அதுல உக்காந்து கறந்தே வளந்தவ நான். மூணு கால் ஆடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டேதான் உனக்கு நாலு கால் சொன்னேன். நீ பாத்துடுவியேன்னு, ஜூன் பொறந்தா அந்த முக்காலிய வைக்கோலுக்கு அடியில ஒளிச்சு வைப்பேன். வயசான காலத்துல இது ஒரு பொழப்பு எனக்கு... சிரிக்கிறியா? நான் மானத்த விட்டுச் சொல்லிக்கிட்டு நிக்கிறேன், உனக்குச் சிரிப்பா வருதா?

— சிரிக்கலீங்க.

— பின்ன மூஞ்சி ஏன் அப்படிக் கோணுது?

— ஒளிச்சது ரெண்டாவது வருஷத்துலேர்ந்துதானுங்க. கதவு பறந்த அன்னிக்கு மழைக்குக் கொட்டகையில ஒதுங்கினோமே, அப்ப காப்பியக் கையில குடுத்து, உக்காருங்கன்னு கோணல் தரையிலயும் ஆடாம நின்ன அந்த முக்காலியத்தான இழுத்துப் போட்டீங்க, ஆர்லிஸ்.