அண்ணன் பாதியில் விட்ட கணக்கு

— அந்தப் பெட்டிய விடுங்க தம்பி, அதுல அவரோட சட்டைங்கதான் இருக்கு.

— கம்ப்யூட்டர மட்டும் எடுத்துக்கறேன் அண்ணி. அண்ணன் பாதில விட்ட கணக்க நான்தானே முடிக்கணும்.

— முதல்ல உட்காருங்க. முகமெல்லாம் வத்திப் போயிருக்கு. அப்படி என்னதான் கணக்கு அது? பல்லு புடுங்கறவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, கேக்கறேன்.

— ரொம்ப சிம்பிள் அண்ணி. சூரியன விட்டுத் தள்ளிப் போகப் போக கிரகமெல்லாம் மெதுவாத்தான் சுத்துது. ஆனா ஒரு விண்மீன் மண்டலத்துல, ஓரத்துல கெடக்குற நட்சத்திரமும் உள்ள இருக்கறதுக்குச் சமமா ஓடுது. அந்த வேகத்துக்கு அது எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல.

— கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ புடிச்சு வெச்சிருக்குன்னு சொல்றாங்களே.

— சொல்றாங்க, தேடுறாங்க, இன்னும் கைல சிக்கல. அண்ணன் சொன்னது சிம்பிள். ஒண்ணும் ஒளிஞ்சு கெடக்கல, நம்ம ஈர்ப்பு விதியத்தான் திருத்தணும். இழுப்பு ரொம்பச் சன்னமாப் போற இடத்துல, நாம நெனச்ச அளவுக்கு அது கொறையறதில்ல.

— எல்லா இடத்துலயும் சரியா வந்துச்சா?

— ஒவ்வொரு மண்டலமும் சுத்துறதுக்கு அச்சு அசலா வந்துச்சு. மண்டலங்க கூட்டமா இருக்கற எடத்துல மட்டும்தான் இடிக்குது.

— ம். அவரும் அங்கதான் முட்டிக்கிட்டு நின்னாரு. கடைசில ஆஸ்பத்திரிப் படுக்கைலகூட.

— அத நான் சரி பண்ணிடுவேன் அண்ணி. ஆளாளுக்குக் கேலி பண்ணப்பல்லாம் அண்ணன் பக்கத்துல நின்னது நான் ஒருத்தன்தான். இப்ப விட்டா என்ன அர்த்தம்?

— அது கெடக்கட்டும். அந்த ஆராய்ச்சிக்கூடத்துல வேலைக்குக் கூப்பிட்டாங்களே, எப்பக் கிளம்பறீங்க?

— போகல. காலைலதான் வேண்டாம்னு சொன்னேன்.

— சொல்லிட்டீங்களா?

— அங்க போனா அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருளத்தான் தேடணும். அண்ணன் படத்துக்கு முன்னாடி எப்படி நிப்பேன்?

— தம்பி, இப்பவே போன் பண்ணுங்க. தப்பா சொல்லிட்டேன், வரேன்னு சொல்லுங்க.

— எதுக்கு அண்ணி? நீங்களுமா அண்ணன நம்பல?

— நம்பாம இல்ல. கணக்கு தோத்துடுச்சுன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு. உங்ககிட்ட சொல்ல எத்தனையோ தடவ வாயெடுத்தாரு, முடியல.

— இல்ல. அண்ணன் அப்படிச் சொல்லவே மாட்டாரு.

— அந்த வேலைக்கு உங்க பேரச் சொல்லி அவங்க கால்ல விழாத கொறையாக் கேட்டதே அவருதான் தம்பி.