ஏரிக்காரி பாகுலின் பெயர்

மஞ்சர் ஏரிக் காற்றுக்கும் அஞ்சாமல், கையில் மணியோடு காத்திருக்கும் தலைவர் அவர்களே! நூலை வெளியிட வந்திருக்கும் சான்றோர்களே! முன்வரிசையில் மீசை முறுக்கி முகம் மலர்ந்திருக்கும் படகுக்குலப் பெரியோர்களே! திரைக்கு அந்தப் பக்கம், தாமரைத்தண்டு நறுக்கிய கை காயாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! கவிஞர் கமீசோவின் மகள் சபாகியின் சலாம்.

ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தறியாத என் அப்பாவைப் பற்றிப் பேச ஐந்து நிமிடமா? சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து ஓடியவர்தான் அவர்! எதற்காக ஓடினார்? பாட்டுக்காக ஓடினார். தன் கவிதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிறர் பாட்டுக்காக ஓடினார். படகுக்குப் படகு தாவி, பாட்டுக்குப் பாட்டு தேடி, முப்பது ஆண்டு எழுதினார். பாடியவர் பெயரைப் பாட்டின் அடியில் எழுதினார். அங்கேதான் ஐயா வினை வந்தது!

பாகுல், படகிலேயே பிறந்து படகிலேயே பிள்ளை பெற்றவள். ஏரிக்கு மகளைப் பறிகொடுத்து அவள் பாடிய பாட்டை அப்பா அச்சிட்டார். அவளைக் கேட்காமலே பெயரையும் அச்சிட்டார். வீட்டுப் பெண்ணின் பெயரை ஊரார் படிப்பதா? அவள் அண்ணன் பச்சல் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என் தங்கச்சி பேரைச் சந்தையில கூவுறீங்களா ஐயா? எல்லாப் புத்தகத்துலயும் சுரண்டி எடுங்க. இல்லேன்னா இந்த ஏரியில ஒரு படகும் உங்கள ஏத்தாது!"

ஓடிய கால்களுக்கு இதைவிட விலங்கு வேண்டுமா? மூன்று நாள் முற்றத்தில் நடந்தார். பெயரைச் சுரண்டக் கத்தியை எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். நான்காம் நாள் காலை அம்மாவிடம் வந்தார்.

"கேட்டுட்டுப் போட்டிருக்கணும், என் தப்புதான். நீங்கல்லாம் போய் நில்லுங்க. ஆனா என் கையால சுரண்ட மாட்டேன்."

நம் வழக்கம் நீங்கள் அறியாததா? பெண்கள் திரண்டு வாசலில் நின்றுவிட்டால், கொலைப்பழியே ஆனாலும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஏழு பெண்கள் போய்ப் பச்சலின் படகோரம் நின்றோம். அவர் தலை குனிந்தார்.

"வந்துட்டீங்க, மன்னிச்சுட்டேன். படகு ஏத்தும். ஆனா பேரு போயாகணும்."

அப்போது படகிலிருந்து பாகுல் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். "தள்ளி நில்லு பொண்ணே" என்று என்னை நகர்த்திவிட்டு, எட்டாவது ஆளாக எங்கள் வரிசையில் நின்றாள். சொந்த அண்ணனின் வாசலில் தானே வந்து நின்றாள்!

"அண்ணே, இத்தனை வருஷமா நான் பச்சல் தங்கச்சி, அவரு பொண்டாட்டி. அம்மான்னு கூப்பிட ஒருத்தி இருந்தா, அவளும் போயிட்டா. அந்தப் பாட்டுக்கு அடியில மட்டும்தான் நான் பாகுலு. அதையும் எடுத்துடுவியா? நானும் வாசல்ல நிக்கிறேன், சொல்லு!"

பச்சல் தோளிலிருந்த அஜ்ரக் சால்வையை எடுத்துத் தங்கையின் தலையில் போர்த்தினார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அழுதார். நாங்களும் அழுதோம்.

இதை ஏன் இன்று சொல்கிறேன்? அப்பா நூலின் புதுப் பதிப்பில் ஒரு பிரதியைக் காலையில் புரட்டினேன். பாகுலின் பாட்டு இருக்கிறது. அடியில் "ஒரு மீனவப் பெண்" என்று இருக்கிறது! எழுத்தறியாத பச்சல் விட்டுவைத்த பெயரை, எழுதப்படிக்கத் தெரிந்த பதிப்புக் குழு எடுத்துவிட்டதா? கண்ணியம் கருதி எடுத்தீர்களாம். யாருடைய கண்ணியம் ஐயா? எனக்குப் பொறுக்கவில்லை!

தலைவர் மணியடிக்கிறார். அடிக்கட்டும். வெளியிட வைத்திருக்கும் புத்தகக் கட்டு இன்னும் அவிழவில்லை, பெயரைச் சேர்க்க நேரம் இருக்கிறது. போன குளிர்காலத்தில் பாகுல் போய்விட்டாள், அந்த எட்டாவது இடம் காலியாக இருக்கிறது. தாய்மார்களே, திரையை விலக்கி எழுந்து வாருங்கள். நான் மேடையை விட்டு இறங்குகிறேன்.

இதோ, தலைவர் அவர்களே, பேசவிட்டதற்கு நன்றி. உங்கள் மேசைக்கு முன்னே பெண்கள் வந்து நிற்கிறோம். ஒரு பெயர் கேட்டு நிற்கிறோம். விடைபெறும் சலாமை நீங்கள் பதில் சொன்ன பிறகு சொல்கிறேன்.